அண்ணி வாசிக்க நான் குத்திய புத்தகம்

என்னைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்று சொன்னவர்கள் எல்லோரையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. முகம் தெரியாது, குரல் தெரியும். இத்தனை வயதாகியும் அந்தக் குரல்களில் ஒன்றைக்கூட நான் மன்னிக்கவில்லை. ஏழு வயதில் அம்மை வார்த்தது, முகமெல்லாம் தழும்பு விழுந்தது, கண் போனது. போனது போனதுதான், அதைச் சொல்லி அழுவதற்காக நான் எழுத உட்காரவில்லை. ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

யுத்த காலம் அது. பூந்தமல்லிக்குக் கொஞ்ச தூரத்தில் எங்கள் வீடு. அதற்கு முன்னால் ஆறு வருஷம் கண் தெரியாத பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றில் தங்கி ஏழாவது வரை படித்தேன். அங்கேதான் புள்ளி எழுத்து கற்றுக்கொண்டேன். அம்மா இறந்ததும் அண்ணன் வந்து வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். வரும்போது என் கையில் இருந்த சொத்து இரண்டு: கட்டம் கட்டமாக ஓட்டை போட்ட பித்தளைச் சட்டம் ஒன்று, மரப்பிடி போட்ட ஊசி ஒன்று. தடித்த தாளை அந்தச் சட்டத்தில் மாட்டி, வலது பக்கத்திலிருந்து இடது பக்கமாக ஊசியால் குத்திக்கொண்டே போக வேண்டும். தாளைத் திருப்பினால் மறுபக்கம் புள்ளிகள் புடைத்து நிற்கும். விரலை வைத்து இடமிருந்து வலமாகப் படித்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் வித்தை.

நான் எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுத வேண்டும். எட்டாவது பாஸ் பண்ணினால் வாத்தியார் வேலைக்கு ட்ரெயினிங் போகலாம் என்று பழைய பள்ளியில் ஒரு டீச்சர் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால்? அண்ணன் வீட்டு மூலையில் உட்கார்ந்து, போட்டதைத் தின்று, வருகிறவர் போகிறவர் எல்லோரும் ‘பாவம்’ சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நினைத்தாலே எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனாள். ஹெட்மாஸ்டர் எங்களை வெயிலில் நிற்க வைத்துத்தான் பேசினார்.

“புஸ்தகம் இல்லாத பிள்ளைய வகுப்புல உட்கார வச்சா இன்ஸ்பெக்டர் என் கழுத்தைப் பிடிப்பார். அச்சுப் புஸ்தகம் உனக்கு எதுக்காகும்? உனக்குன்னு ஒரு புஸ்தகத்தோட வா, சேர்த்துக்கறேன்.”

எங்களைக் கிளப்பிவிடத்தான் அப்படிச் சொன்னார். எட்டாம் வகுப்புப் பாடம் புள்ளி எழுத்தில் கடையில் கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் நான் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் அண்ணி அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். “இன்னா திமிரு அந்தாளுக்கு! ஒரு சொம்பு தண்ணி குடுக்கல. நிக்க வெச்சிப் பேசறாரு.”

“அண்ணி, நீங்க படிப்பீங்க இல்ல?” என்றேன்.

“நானா? மூணாங் கிளாஸ் வரிக்கும் படிச்சேன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இன்னாத்துக்கு?”

“அது போதும். நீங்க படிங்க, நான் குத்தறேன்.”

பக்கத்து ஊரான நூம்பலில் பிறந்து வளர்ந்தவள் என் அண்ணி. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். சட்டென்று கோபம் வரும், சட்டென்று சிரிப்பும் வரும். அவள் ‘ஐயோ பாவம்’ என்று என்னைச் சொன்னதே கிடையாது. ‘சனியனே’ என்று பலமுறை சொல்லியிருக்கிறாள். அதற்காகவே அவளை எனக்குப் பிடிக்கும்.

ஊரில் எட்டாவது முடித்த பெண் ஒருத்தியிடம் தமிழ்ப் பாடமும் பூகோளமும் இரவல் வாங்கினோம். தாளுக்கு என்ன செய்வது? யுத்தத்தில் சாதாரணக் காகிதமே கிடைக்கவில்லை, எனக்கோ அட்டை மாதிரித் தடித்த தாள் வேண்டும். அண்ணன் அப்போது ஆவடியில் பட்டாள கேம்புக்குக் கட்டடம் கட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். சாமான் வரும் மரப்பெட்டிகளுக்குள் பழுப்புத் தாளை விரித்து அனுப்புவார்களாம். பெட்டியை உடைத்ததும் அதைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். அண்ணன் கேட்டு வாங்கிச் சுருட்டிக்கொண்டு வருவார். ஒன்றில் மண்ணெண்ணெய் நாற்றம் அடிக்கும், இன்னொன்றில் சோப்பு வாசனை. பூகோளம் முழுக்க எனக்குச் சோப்பு வாசனையில்தான் மனசில் பதிந்தது.

மத்தியானம் சாப்பாட்டுக் கடை முடிந்ததும் தொடங்குவோம். அண்ணி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டுவாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே சேர்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. கண்ணில் பட்டதையெல்லாம் படிப்பாள். முதல் பக்கத்தில் அச்சுக்கூடத்தின் விலாசத்தைப் படித்தாள், குத்தினேன். பக்க எண்ணைப் பாட்டின் நடுவே படித்தாள், அதையும் குத்தினேன். புத்தகத்தின் சொந்தக்காரி ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்த, ‘இந்தப் பாடம் பரீட்சைக்கு வராது’ என்பதுகூட என் புத்தகத்தில் இருந்தது.

இன்னொரு தொல்லை, என் கை காதில் விழுந்ததையெல்லாம் குத்திக்கொண்டே ஓடும். மூளையைக் கேட்காது. ஒருநாள் முந்தைய தினம் குத்தியதைப் படித்துப் பார்க்கிறேன். ‘பருவக்காற்று தென்மேற்கிலிருந்து வீசும்போது ஐயையோ பால் பொங்கிப்போச்சே’ என்றிருந்தது. நான் படித்ததும் அண்ணி தரையில் உருண்டு உருண்டு சிரித்தாள்.

“அதைக் குத்தி அழிச்சிடு, இன்ஸ்பெட்டரு கேட்டா மானம் போயிடும்.”

“அழிக்க மாட்டேன். பால் பொங்கினது நிஜம்தானே?”

வரைபடத்துக்குத்தான் திண்டாடினோம். புள்ளியில் ஊரை எழுதலாம், ஊர் எங்கே இருக்கிறது என்று எப்படிக் காட்டுவது? அண்ணிதான் வழி கண்டுபிடித்தாள். புத்தகத்துப் படத்தின் கோட்டில் ஊசியால் குத்திக்கொண்டே போய், அடியில் வைத்த பழுப்புத் தாளில் தடம் எடுத்தாள். பிறகு அந்தத் தடத்தில் நூலால் தைத்தாள். கடற்கரைக்குத் தடித்த சணல் நூல், ஆறுகளுக்கு மெல்லிய நூல், ரயில் பாதைக்குச் சங்கிலித் தையல். காவிரியின் மேல் விரலை வைத்து, குடகிலிருந்து கடல்வரை போனேன். நடுவில் அது இரண்டாகப் பிரிந்து ஒரு தீவைச் சுற்றிக்கொண்டு சேரும் இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். சந்தோஷத்தில்தான் கத்தினேன். எனக்கு ஒரு தேசம் கைக்குள் வந்தது அன்றைக்குத்தான்.

இப்படி ஐந்து மாதம். வலது கை ஆள்காட்டி விரலில் காய் காய்த்துப்போனது. இரண்டு பாடப்புத்தகமும் முடிந்து, தாள்களைத் துணியில் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு மறுபடி ஹெட்மாஸ்டர் முன்னால் போய் நின்றோம்.

மூட்டையை அவிழ்த்துப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“இது புஸ்தகமா? மளிகைக் கடைப் பொட்டலம். முன்னட்டை, பின்னட்டை எதுவும் கிடையாது. அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வர்றார். ஒழுங்கா பைண்ட் பண்ணிக் கொண்டு வந்து அவர் எதிரே படிச்சுக் காட்டு. அவர் சரின்னா சரி. இல்லேன்னா இந்தப் பக்கமே வரக்கூடாது, தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது” என்றேன். வேறு என்ன சொல்வது?

பூந்தமல்லி கடைத்தெருவில் ஒரு பைண்டர் இருந்தார். எல்லோரும் அவரை பைண்டர் பாய் என்பார்கள். கோர்ட்டு ரிக்கார்டு, கடைக் கணக்கு, ஓதுகிற கிதாபு எல்லாம் அவர் கைக்குத்தான் வரும். அவர் கட்டிய புத்தகம் கட்டியவரைவிட அதிக நாள் இருக்கும் என்று பேர். அண்ணி போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். “நல்லா கெட்டியா பண்ணு பாய், ஊட்டுப் பொண்ணு படிக்கிறது” என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். புடைத்திருப்பதுதான் எழுத்து என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஐந்து மாதம் அதனோடே இருந்ததில் அது எழுத்தில்லாமல் வேறென்ன என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள் காலை நானும் அண்ணியோடு கடைக்குப் போனேன். என் கையால் வாங்க வேண்டும் என்று ஆசை.

பாய் பெருமையோடு என் மடியில் வைத்தார். “பாரு பாப்பா, இன்னா அம்சமா வந்துகீது! தாளெல்லாம் அம்மை வார்த்த மாறி பொரிப்பொரியா இருந்திச்சி. ஈரத்துல ஊறிப் பூத்துடிச்சின்னு நெனச்சேன். தண்ணி தெளிச்சி, ஒவ்வொண்ணா சுத்தியால தட்டி, பிரஸ்ஸுல ரெண்டு நாளு இறுக்கி வெச்சேன். இப்போ தடவிப் பாரு, கண்ணாடி!”

தடவிப் பார்த்தேன். கண்ணாடிதான். திருப்பினேன். அடுத்த தாளும் கண்ணாடி. அதற்கடுத்ததும். அங்கங்கே ஒன்றிரண்டு புள்ளிகள் தப்பியிருந்தன, ஒரு சொல்லாகக்கூடச் சேரவில்லை.

“நூல் தைச்ச வரைபடம்?” என்று கேட்டேன்.

“அதுலயா? யாரோ கோணா மாணான்னு பழைய தையல் போட்டிருந்தாங்க. எங்க தொழில்ல பழைய தையலப் பிரிச்சிட்டுத்தான் புதுசு போடணும். ஒரு நூலு உடாம புடுங்கிட்டேன்.”

காவிரியைப் புடுங்கிவிட்டார். ரயில் பாதையைப் புடுங்கிவிட்டார். கடற்கரையை உருவிக் குப்பையில் போட்டுவிட்டார்.

நான் என்ன கத்தினேன் என்று முழுக்க நினைவில்லை. அவரைத் திட்டினேன், அண்ணியை அதைவிடத் திட்டினேன். “என் மூஞ்சி மாதிரி இருந்திச்சின்னு தட்டித் தள்ளிட்டாரா? என் மூஞ்சியையும் பிரஸ்ஸுல வெக்கச் சொல்லுங்க!” என்று அலறியது மட்டும் நினைவிருக்கிறது. கடைத்தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. அண்ணி விக்கி விக்கி அழ, அவளிடமிருந்து விஷயம் தெரிந்ததும் பாய் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “யா அல்லா, எழுத்தையா நசுக்கினேன்? அது எழுத்தா? என் கையாலயா?” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மனிதர் கெட்டவர் இல்லை. வேலையை அரைகுறையாகச் செய்கிற ஆளாக இருந்திருந்தால் என் புத்தகம் பிழைத்திருக்கும். கிளம்பும்போது, அட்டை போட வைத்திருந்த நல்ல தடித்த தாள்கள் பத்து எடுத்து என் கையில் திணித்தார். வாங்கிக்கொண்டேன்.

அன்று முழுவதும் நான் சாப்பிடவில்லை. அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நா ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. புஸ்தகம் பூரா உனக்கு மனப்பாடம்தானே? சொம்மா வெரல வெச்சி நகத்திகினே ஒப்பிச்சிடு. அதுல புள்ளி கீதா இல்லையான்னு அவங்களுக்கு இன்னா தெரியும்?”

அவள் சொன்னது நடக்கக்கூடியதுதான். ஐந்து மாதம் குத்தியதில் ஒவ்வொரு வரியும் எனக்குத் தலைகீழாகத் தெரியும். ஆனால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படிக்கத் தெரியாதவள் வேண்டுமானால் படிப்பது போல நடிக்கட்டும். நான் படிக்கத் தெரிந்தவள். நான் எதற்கு நடிக்க வேண்டும்? “மாட்டேன்” என்றேன். அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேர் பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி வாசற்படியோடு நின்றுகொண்டாள். என்னை மேஜைக்கு எதிரே ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் புத்தகத்தை வாங்கித் திறந்தார். அவர் உள்ளங்கை தாளில் வழுக்கும் சத்தம் கேட்டது.

“இதுல ஒண்ணும் இல்லையே அம்மா.”

“ஒண்ணும் இல்லைங்க. நேத்து வரைக்கும் இருந்தது. பைண்டர் தெரியாமத் தட்டி நசுக்கிட்டார். எனக்குப் பாடம் மனப்பாடமா வரும். ஆனா இதுல கை வெச்சிப் படிக்கிற மாதிரி பொய்யா நடிக்க மாட்டேன்.”

ஹெட்மாஸ்டர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! “நான்தான் சொன்னேனே சார். எல்லாம் கிளிப்பிள்ளைப் பாடம். புள்ளியாவது, எழுத்தாவது!”

பிறகு அவர்கள் இருவரும் என்னை விட்டுவிட்டுத் தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. கண் தெரியாவிட்டால் காதும் கேட்காது என்பது பெரிய மனிதர்களின் கணக்கு. நான் பையிலிருந்து பித்தளைச் சட்டத்தை எடுத்தேன். பாய் கொடுத்த தாள் ஒன்றை மாட்டினேன். மடியில் வைத்துக் குத்த ஆரம்பித்தேன்.

அவர்கள் அவசரமில்லாமல் பேசினார்கள். ஒரு பேச்சுக்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவே இன்ஸ்பெக்டர் எதையோ எழுதிக்கொள்வார், ஹெட்மாஸ்டர் தொண்டையைச் செருமுவார். அப்படியும் எல்லாவற்றையும் பிடிக்க முடியவில்லை. பிடிக்க வேண்டியதைப் பிடித்தேன்.

“என்ன அது டக்கு டக்குன்னு சத்தம்?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“விளையாட்டுச் சாமான் சார். விடுங்க” என்றார் ஹெட்மாஸ்டர். அதையும் குத்தினேன். தாள் நிறைந்தது. கழற்றித் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு, கேட்காமலே எழுந்து நின்றேன்.

“ஐயா, புத்தகம்தான் நசுங்கிச்சு. எனக்கு எழுத்து நசுங்கல. இப்போ எழுதினதைப் படிக்கிறேன், கேளுங்க” என்று சொல்லிவிட்டு விரலை வைத்துப் படித்தேன்.

“‘பாவம், பார்க்கக் கஷ்டமாத்தான் இருக்கு. இரக்கப்பட்டு உட்கார வச்சா மத்த பிள்ளைங்க படிப்பு கெடும் சார். பொம்பளைப் பிள்ளை, அதுவும் குருடு, பாஸ் பண்ணி எந்தக் கச்சேரி உத்தியோகத்துக்குப் போகப்போகுது. வெயில் ஜாஸ்தி, மோர் கிடைக்குமா. வெள்ளரிக்காய் போட்டுக் கொண்டுவரச் சொல்றேன். வேண்டாம்னு ரிப்போர்ட்ல எழுதிடட்டுமா. எழுதிடுங்க சார், பீடை விட்டுது. என்ன அது டக்கு டக்குன்னு சத்தம். விளையாட்டுச் சாமான்.’”

யாரோ ஒரு பிள்ளை முதலில் சிரித்தது. அப்புறம் முப்பதும் சிரித்தது. ஹெட்மாஸ்டர் மேஜையைத் தட்டினார். இன்ஸ்பெக்டர் அவரைச் சும்மா இருக்கச் சொன்னார்.

“அம்மா, நாங்க பேசினதை நினைவுல வச்சுச் சொல்லியிருக்கலாம் இல்லையா?”

“அப்ப நீங்க கேளுங்க. எந்த வரி வேணும்?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “கீழேயிருந்து ரெண்டாவது வரி. அந்த வரியில இருக்கறதை மட்டும்.”

விரலைக் கீழே இறக்கி, ஒரு வரி மேலே ஏற்றினேன். “‘எழுதிடுங்க சார், பீடை விட்டுது, என்ன அ’. ‘அது’வில் ‘து’ அடுத்த வரிக்குப் போயிடுச்சு. இடம் பத்தல.”

வாசற்படியில் அண்ணி மூக்கைச் சிந்தும் சத்தம் மட்டும் கேட்டது. இன்ஸ்பெக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்து என் பக்கத்தில் வந்தார். என் மடியிலிருந்த தாளின் மேல் அவரே விரலை வைத்துத் தடவினார். ரொம்ப நேரம் தடவினார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன், கேட்கவில்லை. ஆனால் ரிப்போர்ட்டில் எழுதியதை அடித்தார். பேனா தாளைக் கீறியது எனக்குக் கேட்டது.

“பரீட்சைக்கு உட்காரலாம்” என்றார். பிறகு ஹெட்மாஸ்டரிடம் சொன்னார்: “இந்தப் பெண்ணுக்குன்னு புத்தகம் கிடையாது. அதனால நீங்க சொல்றதுதான் அவளுக்குப் புத்தகம். அவ எழுதி முடிக்கிற வேகத்துல பாடம் நடத்துங்க.”

திங்கட்கிழமை முதல் பெஞ்சில் எனக்கு இடம் கிடைத்தது. ஹெட்மாஸ்டர்தான் பூகோளம் எடுப்பவர். ஒரு வரி சொன்னார், நிறுத்தினார். வகுப்பில் என் ஊசிச் சத்தம் மட்டும் கேட்டது. முப்பது பிள்ளைகளும் காத்திருந்தார்கள், அவரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

“ஆச்சா?” என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆகியிருந்தது. ஊசியைக்கூடக் கீழே வைத்துவிட்டிருந்தேன். மறுபடி கையில் எடுத்துக்கொண்டேன்.

“இன்னும் இல்ல சார்” என்றேன்.